டெவ்ஆப்ஸ் வேலைக்குத் தயாராவது எப்படி? கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 அக்டோபர் 20. தமிழ்நாட்டில் தீபாவளி. மதியம் 12 மணியைத் தாண்டிய சிறிது நேரத்தில் உலகின் பல மூலைகளில் ஸ்னாப்சாட், கேன்வா, டியோலிங்கோ, ரோப்லாக்ஸ் என ஒவ்வொரு செயலியாகத் தடுமாறத் தொடங்கியது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கிளவுட் மையத்தில் கோளாறு. பெயரைக் கொடுத்தால் இணைய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு ஒன்று காலியாகிவிட்டது. அந்தப் பதிவுகளைத் தானாகவே பராமரிக்க வேண்டிய மென்பொருளில் இருந்த பிழைதான் காரணம். அதைத் தானாகச் சரிசெய்யவும் அந்த மென்பொருளால் முடியவில்லை. மனிதர்கள் உள்ளே இறங்கித்தான் சரிசெய்தார்கள். எல்லாம் முழுமையாக இயல்புக்குத் திரும்பியபோது நம்மூரில் அடுத்த நாள் அதிகாலை ஆகியிருந்தது.

அந்த நேரத்தில் எத்தனையோ நிறுவனங்களில் போன் அடித்தது ஒரு குறிப்பிட்ட ஆளுக்குத்தான். பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறக்க வேண்டிய அந்த ஆளின் பதவிப் பெயர் பெரும்பாலும் 'டெவ்ஆப்ஸ் இன்ஜினீயர்'.

இன்று சென்னை முதல் சிவகங்கை மாவட்டம் ஒக்கூர் வரை, கல்லூரி மாணவர்களின் போனில் அடிக்கடி வரும் விளம்பரங்களில் இந்தப் பெயரும் ஒன்று. 'நாலு மாசத்துல டெவ்ஆப்ஸ், நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்று அழைக்கின்றன அந்த விளம்பரங்கள். கட்டணமோ சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரோடு அறியப்படும் அந்தச் செட்டிநாட்டு ஊரில், நகையை அடகு வைத்தாவது பிள்ளையைச் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கும் ஒரு குடும்பம் முதலில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

அது என்ன டெவ்ஆப்ஸ்?

மென்பொருள் நிறுவனங்களில் முன்பு இரண்டு தனித்தனிக் கூட்டம் இருந்தது. புரோகிராம் எழுதுபவர்கள் ஒரு பக்கம். அதை சர்வரில் ஏற்றி, இரவு பகலாக ஓட வைப்பவர்கள் இன்னொரு பக்கம். புதிய வசதிகளைச் சீக்கிரம் வெளியிட வேண்டும் என்பது முதல் கூட்டத்தின் அவசரம். ஓடுகிற எதையும் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்பது இரண்டாவது கூட்டத்தின் பயம். கோளாறு வந்தால், "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது" என்று ஒருவர் சொல்ல, "சர்வர்ல ஓடலையே" என்று மற்றவர் சொல்வார்.

இந்த இழுபறியைக் குறைக்க எழுந்த சிந்தனைதான் டெவ்ஆப்ஸ். 'டெவலப்மென்ட்', 'ஆபரேஷன்ஸ்' என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அது. ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் புதிய புரோகிராமை வெளியிடுவது எப்படி என்று 2009 ஜூனில் ஃப்ளிக்கர் நிறுவனத்தின் இரண்டு பொறியாளர்கள் ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பேட்ரிக் டெபுவா நடத்திய 'டெவ்ஆப்ஸ் டேஸ்' கூட்டத்தில் இருந்து இந்தப் பெயர் பரவியது.

பொங்கலுக்கு ஊருக்கு வர பஸ் டிக்கெட் எடுக்கும் செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டும். புரோகிராமர் எழுதியது 'கிட்' என்ற பதிவேட்டுக்குள் போகிறது. தானாகவே சோதனைகள் நடக்கின்றன. தேறினால், தேவையான எல்லாவற்றோடும் சேர்த்து 'கன்டெய்னர்' என்ற ஒரு பொட்டலமாகக் கட்டப்படுகிறது. முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. சிக்கல் தெரிந்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். சரியாக இருந்தால் எல்லோருக்கும் போகிறது. இந்தப் பாதையை அமைப்பது, கண்காணிப்பது, அடைத்துக்கொண்டால் திறப்பது ஆகியவைதான் டெவ்ஆப்ஸ் இன்ஜினீயரின் வேலை.

ஒரு சின்னத் தவறு என்ன செய்யும்?

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச்சந்தையில் தரகு வேலை பார்த்த நைட் கேபிடல் நிறுவனம், தன் எட்டு சர்வர்களில் புதிய புரோகிராமை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில்தான் ஏறியது. விடுபட்ட ஒன்றில் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கிடந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு, இஷ்டத்துக்கு ஆர்டர் போட்டது. சுமார் 45 நிமிடங்களில் இழப்பு 44 கோடி டாலர். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துபோனது.

2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், படிப்படியாக அனுப்பியிருந்தால் பாதிப்பு பெரிதும் குறைந்திருக்கும்.

இந்த வேலைக்குச் சம்பளம் ஏன் கூடுதல், புதியவர்களை நேரடியாக எடுக்க ஏன் தயங்குகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இந்தச் சம்பவங்களில் இருக்கிறது. இது சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கும் வேலை.

அப்படியானால் ஃப்ரெஷருக்கு வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் விளம்பரங்கள் காட்டும் வாசல் வழியாக இல்லை.

வேலை வாய்ப்புத் தளங்களில் 'டெவ்ஆப்ஸ் இன்ஜினீயர்' என்று தேடிப் பார்த்தால், கணிசமான அறிவிப்புகள் இரண்டு, மூன்று ஆண்டு அனுபவம் கேட்பதைக் காணலாம். கோர்ஸ் விளம்பரம் சொல்லும் சம்பளம் பெரும்பாலும் அந்த அனுபவசாலிகளின் சம்பளம். படித்து முடித்து வெளியே வரும் மாணவருக்கு எளிதில் திறக்கும் கதவுகள் வேறு: லினக்ஸ் சப்போர்ட், சிஸ்டம் அட்மின், கிளவுட் சப்போர்ட், இருபத்திநாலு மணி நேரக் கண்காணிப்பு மையம், டெஸ்டிங், அல்லது சாதாரண புரோகிராமர் வேலை. அங்கே சேர்ந்து, கையால் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகத் தானியங்கியாக்கிக் காட்டுபவர்களே இரண்டு, மூன்று ஆண்டுகளில் டெவ்ஆப்ஸ் குழுவுக்கு நகர்கிறார்கள். கல்லூரியில் இருந்தே நேரடியாக டெவ்ஆப்ஸ் டிரெய்னியாக எடுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அதை மட்டுமே நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து.

செட்டிநாட்டுக்கு இது புதிய பாடம் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் நிறுவனங்களில் யாரும் எடுத்த எடுப்பில் ஏஜெண்ட் ஆகிவிடவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, பிறகுதான் கடைப் பொறுப்பு கைக்கு வரும். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவரிடமே பெட்டிச் சாவி போகும். சர்வர் சாவிக்கும் அதே கணக்குதான்.

காலமும் முன்பு போல இல்லை. நாட்டின் மிகப்பெரிய ஐ.டி. நிறுவனமான டிசிஎஸ், ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் அதிகமானவர்களைக் குறைக்கப் போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. 'பேர் தெரிஞ்ச கோர்ஸ் முடிச்சா போதும்' என்ற நம்பிக்கைக்கு இது நல்ல காலம் இல்லை.

எதை முதலில் படிப்பது?

பல கோர்ஸ்கள் செய்யும் தவறு, கருவிகளின் பெயர்ப் பட்டியலில் இருந்து தொடங்குவது. ஜென்கின்ஸ், டாக்கர், குபர்னெட்டிஸ், டெராஃபார்ம், ஆன்சிபிள் என்று ஆளுக்கு ஒரு வாரம் ஒதுக்குவார்கள். இன்டர்வியூவிலோ, "சர்வர்ல டிஸ்க் ஃபுல் ஆயிடுச்சு, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார்கள். அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சரியான வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. லினக்ஸ். உலகின் சர்வர்களில் பெரும்பகுதி இதில்தான் ஓடுகிறது. மவுஸைத் தொடாமல் கட்டளை கொடுத்தே ஃபைல், அனுமதி, புராசஸ், லாக் எல்லாவற்றையும் கையாளப் பழக வேண்டும். தமிழக அரசு முன்பு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் முதல் வேலையாக அதை அழித்தார்கள். வீட்டில் அந்தப் பழைய லேப்டாப் இன்னும் ஓடினால், பயிற்சிக் களம் தயார்.

2. நெட்வொர்க். ஐபி முகவரி, போர்ட், டிஎன்எஸ், எச்டிடிபி, ஃபயர்வால். தீபாவளியன்று அமேசானைத் தடுமாற வைத்தது டிஎன்எஸ்தான் என்பதை நினைவில் கொண்டால் இதன் எடை புரியும்.

3. ஸ்கிரிப்ட் எழுதுதல். பாஷ், பைதான் இரண்டும் போதும். பெரிய செயலி எழுதத் தேவையில்லை. தினமும் கையால் செய்யும் வேலையைக் கணினியைச் செய்ய வைக்கத் தெரிய வேண்டும்.

4. கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற கணக்குப் புத்தகம்.

5. கன்டெய்னரும் தானியங்கிப் பாதையும். 2013-ல் வந்த டாக்கர், அதோடு ஜென்கின்ஸ் அல்லது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். இரண்டில் ஏதாவது ஒன்றை ஆழமாகக் கற்றால் மற்றது எளிது.

6. ஒரு கிளவுட். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றில் ஒன்று. மூன்றையும் மேலோட்டமாகத் தொடுவதால் பயன் இல்லை. கூடவே, சர்வர் அமைப்பையே எழுத்தாக எழுதிவைக்கும் டெராஃபார்ம். 2023-ல் அதன் உரிம விதிகள் மாறியபோது, அதிலிருந்து பிரிந்து 'ஓபன்டோஃபு' என்ற சுதந்திர வடிவம் வந்தது. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதற்கு இதுவே உதாரணம்.

7. கண்காணிப்பு. ப்ரோமிதியஸ், கிராஃபானா. வாடிக்கையாளர் புகார் சொல்லும் முன்பே கோளாறு நமக்குத் தெரிய வேண்டும்.

8. குபர்னெட்டிஸ். கூகுள் 2014-ல் வெளியிட்டது. நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை மேய்க்கும் கருவி. மேலே சொன்ன ஏழும் தெரியாமல் இதில் கை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கல்லூரிப் படிப்போடு தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும், இதற்கு எட்டு மாதமாவது ஆகும். மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் பிளேஸ்மென்ட் நேரத்தில் கையில் ஏதாவது இருக்கும். கடைசி செமஸ்டரில் தொடங்கினால் அவசரம்தான்.

எவ்வளவு செலவாகும்?

அடிப்படையைக் கற்க லட்சங்கள் தேவையில்லை. லினக்ஸ், குபர்னெட்டிஸ் இரண்டுக்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷனே இலவச அறிமுகப் பாடங்களை வைத்திருக்கிறது. ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம். ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு, கணியம் இதழ் வெளியிட்ட 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களில் லினக்ஸுக்கும் புத்தகம் உண்டு, விலை இல்லாமலேயே. 2022 மார்ச்சில் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில், பொறியியல் கல்லூரிகளில் கிளவுட் உள்ளிட்ட தொழில்நுட்பப் பாடங்கள் பாடத்திட்டத்தோடு சேர்த்தே தரப்படுகின்றன. அதை 'அட்டெண்டன்ஸுக்கு' என்று கடந்துவிடாமல் இருப்பதே பெரிய சேமிப்பு.

அமேசான் கிளவுடில் 2025 ஜூலை மத்தியில் இருந்து புதிய கணக்குகளுக்கான இலவச முறை மாறியிருக்கிறது. அதிகபட்சம் 200 டாலர் மதிப்பிலான கிரெடிட்டும், ஆறு மாதம் வரையிலான இலவசத் திட்டமும் கிடைக்கின்றன. பழைய யூடியூப் வீடியோக்கள் சொல்லும் '12 மாதம் இலவசம்' என்ற கணக்கை நம்பி, கட்டணத் திட்டத்தில் சர்வரை ஓடவிட்டுவிட்டு மறந்தால் பில் வரும். முதல் நாளே பட்ஜெட் எச்சரிக்கையை அமைத்துவிட வேண்டும். பழகி முடித்ததும் சர்வரை அணைப்பது, அறையை விட்டு வெளியே வரும்போது ஃபேனை அணைப்பது போலப் பழக்கமாக வேண்டும்.

சான்றிதழ்கள்? அமேசானின் தொடக்க நிலைத் தேர்வுக்கு 100 டாலர், அடுத்த நிலைக்கு 150 டாலர். குபர்னெட்டிஸ் நிர்வாகிக்கான சிகேஏ தேர்வுக்கு 400 டாலருக்கு மேல். சிகேஏ இரண்டு மணி நேர செய்முறைத் தேர்வு என்பதால் மனப்பாடம் எடுபடாது, அதனால் மதிப்பும் அதிகம். ஆனால் முதல் வேலைக்கு இது கட்டாயம் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு கட்டணத்தை நிறுவனமே ஏற்கும் இடங்களும் உண்டு.

சான்றிதழ் இல்லாவிட்டால் எதைக் காட்டுவது?

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை.

உதாரணமாக, ஒக்கூரில் இருந்து சிவகங்கைக்கும் காரைக்குடிக்கும் எத்தனை மணிக்கு பஸ் என்று காட்டும் ஒரு சின்ன இணையப் பக்கம். பைதானில் ஐம்பது வரி. அதை கிட்டில் வைத்து, '25:10' போலத் தவறான நேரம் உள்ளே வந்தால் தடுக்கும் சோதனை எழுதி, கன்டெய்னராக்கி, ஒவ்வொரு மாற்றமும் தானாக சர்வருக்குப் போகும்படி அமைக்கலாம். பக்கம் நின்றுபோனால் டெலிகிராமில் தகவல் வர வேண்டும். பொதுவில் திறந்துவைத்த புராஜெக்ட்டுகளுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இலவசம்.

அடுத்ததுதான் முக்கியம். அதை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். டிஸ்க்கை நிரப்ப வேண்டும். புராசஸைக் கொல்ல வேண்டும். டேட்டாபேஸை அழித்துவிட்டு பேக்கப்பில் இருந்து மீட்க வேண்டும். என்ன ஆனது, எப்போது தெரிந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், இனி வராமல் என்ன செய்தோம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவு காலி. எடுத்து வைத்ததாக நினைத்த பேக்கப்கள் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது. நிறுவனம் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியதோடு, என்ன தவறு நடந்தது என்று முழு அறிக்கையும் வெளியிட்டது. மீட்டுப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை என்பது அது உலகத்துக்குச் சொன்ன பாடம். இன்டர்வியூவில், "நீங்க உடைச்சுச் சரிபண்ணினது ஏதாவது உண்டா?" என்ற கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் சொல்ல முடிந்தால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வகுப்பில் சேர்ந்து படிப்பது தவறில்லை. தனியாகப் படித்தால் பாதியில் விட்டுவிடுவோம் என்பவர்களுக்கு அது உதவும். ஆனால் கட்டணத்தை எடுத்து நீட்டும் முன் பெற்றோரே இவற்றைக் கேட்கலாம்:

• "சார், போன பேட்ச்ல சேர்ந்தவங்க எத்தனை பேர், வேலைக்குப் போனவங்க எத்தனை பேர்? ரெண்டு பேரோட நாங்க பேசலாமா?"

• "அவங்க சேர்ந்தது டெவ்ஆப்ஸ் வேலையா, வேற வேலையா?"

• "பிளேஸ்மென்ட் கிடைக்கலைன்னா பணம் திரும்ப வருமா? அதை எழுதிக் கொடுப்பீங்களா?"

• "பாடம் எடுக்கிறவர் நிஜமா சர்வர் பார்த்த அனுபவம் உள்ளவரா?"

• "லினக்ஸ், நெட்வொர்க்குக்கு எத்தனை மணி நேரம்?"

• "போலி அனுபவச் சான்று கொடுத்து வேலைக்கு அனுப்புவீங்களா?" இதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்துவிடுவது நல்லது. பின்னணி சரிபார்ப்பில் மாட்டினால் போவது அந்த வேலை மட்டும் இல்லை, பெயரும்தான்.

ஏஐ வந்த பிறகும் இந்த வேலை இருக்குமா?

ஸ்கிரிப்ட் எழுதுவது, அமைப்பு ஃபைல் தயாரிப்பது போன்ற வேலைகளை ஏஐ இப்போதே நன்றாகச் செய்கிறது. அதனால் கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்தவரின் தேவை குறையும். ஆனால் 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ கருவி, எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும், ஒரு பயனரின் நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டது. ஏஐ எழுதியதைப் படித்து, 'இது நம்ம சர்வர்ல ஓடினா என்ன ஆகும்?' என்று நிறுத்திக் கேட்கத் தெரிந்த ஆளுக்குத் தேவை இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க அடிப்படை தெரிய வேண்டும். அதைக் கற்கும்போதே எல்லாப் பதிலையும் ஏஐயிடம் வாங்கிக்கொண்டால், கேள்வி கேட்கும் திறன் வளராது.

ஊரிலேயே இருந்து பார்க்க முடியுமா?

சர்வர் எங்கே இருந்தாலும் நெட் இருந்தால் போதும் என்பதால், கொள்கை அளவில் முடியும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஸோஹோ அலுவலகம், மென்பொருள் வேலை பெருநகரத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்று காட்டியது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகையோடு பயிற்றுவிக்கும் பள்ளிகளையும் அந்த நிறுவனம் நடத்துகிறது. மாநில அரசின் மினி டைடல் பூங்காக்கள் 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் திறக்கப்பட்டன. அந்தத் திட்டத்தில் காரைக்குடியும் இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் முதல் வேலையே வீட்டில் இருந்து என்பது புதியவருக்கு இழப்பு. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கோளாறைத் தேடும் விதத்தைப் பார்த்துக் கற்பதே இந்தத் தொழிலின் பாதிப் படிப்பு. இரண்டு, மூன்று ஆண்டுகள் சென்னையிலோ, கோவையிலோ, பெங்களூரிலோ பழகிவிட்டு ஊர் திரும்புவது நடைமுறைக்கு ஒத்த கணக்கு. 'ஆன்-கால்' எனப்படும் முறைவைத்து விழித்திருக்கும் பொறுப்பு, தூக்கத்தையும் பண்டிகையையும் சில நேரம் கேட்கும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடகுக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பழைய லேப்டாப்பில் லினக்ஸை ஏற்றி, அந்த பஸ் நேரப் பக்கத்தை மூன்று மாதம் நிற்காமல் ஓட வைக்கட்டும். நின்றபோதெல்லாம் ஏன் நின்றது என்று ஆர்வத்தோடு தேடினால், இந்தத் தொழில் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தும். எரிச்சலில் மூடி வைத்தால், பணம் கட்டும் முன்பே அது தெரிந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் நகை வீட்டிலேயே இருக்கும்.